சைக்கிள் ஸ்டாண்டும் தூத்துக்குடி துறைமுகமும்

கடலே இல்லாத கோயமுத்தூர்க்காரனுக்குத் துறைமுகத்தைப் பற்றி என்ன பேச்சு என்கிறீர்களா? திருப்பூர் பனியனும் நம்மூர் பம்ப்செட்டும் நடந்தா சார் வெளிநாடு போகும்? லாரி ஏறி தூத்துக்குடிக்கோ கொச்சிக்கோ போய்த்தான் கப்பல் பிடிக்க வேண்டும். அங்கே கட்டணம் ஏறினால் இங்கே நமக்குச் சுடும்.

"ஏனுங்க, துறைமுகத்தை கவர்மென்ட் நடத்தினா நல்லதுங்களா, தனியார் நடத்தினா நல்லதுங்களா?" என்றார் எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஷிப்பிங் பார்க்கும் நண்பர்.

நான் பி.காம். படித்தவன். முதலில் கணக்கைத்தான் பார்ப்பேன்.

1998-ல் தூத்துக்குடி கன்டெய்னர் முனையம் பி.எஸ்.ஏ. சிகால் கம்பெனிக்கு 30 வருட லைசென்ஸில் போனது. அலைதடுப்புச் சுவர், கப்பல் வரும் பாதை எல்லாம் அரசாங்கத்துடையது. பெட்டியை ஏற்றி இறக்குவது கம்பெனி. பெட்டிக்கு இவ்வளவு என்று அரசாங்கத்துக்கு ராயல்டி. அதுவும் வருஷா வருஷம் ஏறும்!

இதில் ஒரு தமாஷ். இந்தக் கூட்டணியில் இருந்த பி.எஸ்.ஏ.வின் முதலாளி சிங்கப்பூர் அரசின் டெமாசெக். கொச்சி வல்லார்பாடத்துக்கு வந்த டி.பி. வேர்ல்ட், துபாய் அரசாங்கத்தின் கம்பெனி. நம் அரசாங்கத்தால் முடியாது என்று அடுத்த நாட்டு அரசாங்கத்தைக் கூப்பிட்டு, அதற்குத் 'தனியார்' என்று பெயர் வைத்திருக்கிறோம்!

ஆக, யார் நடத்துகிறார்கள் என்பதல்ல விஷயம். எந்த நிபந்தனையில் என்பதுதான்.

பஸ் ஸ்டாண்ட் சைக்கிள் ஸ்டாண்ட் ஏலம் தெரியுமல்லவா? அதிகத் தொகை கேட்பவருக்கே ஸ்டாண்ட். அந்தத் தொகையை அவர் யாரிடம் எடுப்பார்? வண்டி நிறுத்தும் நம்மிடம்தான். "ரேட்டை நான்தான் சொல்வேன், ஏலத்தொகையைச் செலவுக் கணக்கில் சேர்க்காதே" என்று அதிகாரி சொன்னால்? கான்ட்ராக்டர் கோர்ட்டுக்குப் போவார்.

தூத்துக்குடி கதையும் இதேதான். கட்டணம் நிர்ணயிக்க 1997-ல் வந்த 'டாம்ப்' ஆணையத்தோடு தகராறு. ராயல்டியை வருமானப் பங்காக மாற்றச் சொன்னது கம்பெனி. நடுவர் மன்றம் சரி என்றது. 2021-ல் சுப்ரீம் கோர்ட், கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தை நடுவர்கள் திருத்தி எழுத முடியாது என்று சொல்லிவிட்டது.

ராயல்டியைக் கட்டணத்தில் சேர்த்தால் பனியன்காரர் தலையில் விழும், சேர்க்காவிட்டால் வழக்கு. கோளாறு அதிகத் தொகைக்கு ஆசைப்பட்ட அந்த முதல் நாள் ஏலத்தில் இருக்கிறது.

2021-ல் வந்த பெருந்துறைமுகச் சட்டப்படி, புது ஒப்பந்தக்காரர்கள் சந்தை நிலவரப்படி ரேட் வைக்கலாம். வைக்கட்டும். ஆனால் சந்தை என்றால் பக்கத்திலேயே இன்னொரு கடை வேண்டுமே! 2024 செப்டம்பரில் தூத்துக்குடியில் இன்னொரு கன்டெய்னர் முனையம் திறந்தார்கள். எனக்குச் சந்தோஷம்தான். வீட்டுக்காரராக அரசாங்கம் இருக்கட்டும், குடித்தனக்காரர்கள் நாலு பேர் போட்டி போடட்டும்.

இனிமேல் 'துறைமுக ஏலத்தில் அரசுக்கு இத்தனை கோடி' என்று பேப்பரில் வந்தால், உடனே கை தட்டாதீர்கள். எந்த பனியன் மூட்டையிலிருந்து அதை எடுக்கப் போகிறார்கள் என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.