நத்தைகளை வகுத்தறிதல்

தோட்டத்தில் ஊரும் நத்தைகள் யாவும் ஓரினமே எனச் சங்கங்களைப் பார்வையிடச் செல்லுமிடங்களில் அங்கத்தினர் பலர் நம்மிடம் கூறுகின்றனர். மேலோட்டை மட்டும் நோக்குவோர்க்கு அவ்வாறே தோன்றும். விஞ்ஞானிகளோ மூச்சையும் கண்ணையும் ஆராய்கின்றனர்.

செவுளின்றி, உடலின் பக்கத்துளை வழியே காற்றைச் சுவாசிப்பனவற்றைப் பிரெஞ்சு அறிஞர் குவியே நுரையீரல் நத்தைகள் எனத் தொகுத்தார். இவற்றுள் நிலத்தில் வாழும் பெரும்பாலானவற்றுக்கு நீண்ட கொம்புகளின் நுனியில் கண்கள் உள்ளன. நன்னீரில் வாழ்வனவற்றுக்கோ கொம்பின் அடியில். ஓட்டின் வாயை மூடியால் அடைத்துக்கொள்ளும் நிலத்து நத்தைகளும் காற்றையே சுவாசிப்பினும் அவற்றின் வமிசம் வேறு. 2005-இல் பூஷே, ரோக்ருவா ஆகியோர் வெளியிட்ட பாகுபாட்டில் குவியேயின் பெருந்தொகுதி முறையான வரிசையாக இடம்பெறவில்லை. கண்நுனித் தொகுதி நிலைத்தது.

இதனால் உழவர்க்கு என்ன பயன்? 1847-இல் பென்சன் என்பார் மொரீஷியஸிலிருந்து கல்கத்தாவுக்குக் கொணர்ந்த ஆப்பிரிக்கப் பெருநத்தை, இன்று தென்னாட்டிலும் வாழை, பப்பாளி, காய்கறிகளைத் தின்கிறது. தாஹிதித் தீவில் அதனை ஒழிக்க 1974-இல் ஊனுண்ணும் நத்தையொன்றைக் கொண்டுவந்தனர். அதுவோ அத்தீவுக்கே உரிய பர்த்துலா என்னும் மரநத்தைகளைத் தின்றது. அவற்றுள் பல இனங்கள் காட்டில் அற்றுப்போயின. மூன்றும் கண்நுனித் தொகுதியினவே, குடும்பங்கள்தாம் வேறு.

ஆதலின், கண்ட நத்தை எதுவென வேளாண்மை அலுவலரிடம் காட்டித் தெளிந்த பின்னரே மருந்திடுதல் நன்று. பெருநத்தையாயின் அந்தியில் பொறுக்கி அழிப்பதே எளிது என்பது நம் கருத்து. வெறுங்கையால் தொடலாகாது, மனித மூளையுறையைத் தாக்கும் எலிப்புழு அதன் உடலில் இருப்பதுண்டு.