10 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்ற புத்தகம்... எழுதியவரே நிறுத்தச் சொன்னது ஏன்? அமெரிக்காவின் ‘பியூரிட்டி கல்ச்சர்’ கதை

2018 அக்டோபரில் ஜோஷுவா ஹாரிஸ் என்ற அமெரிக்கர் தன் இணையதளத்தில் ஓர் அறிக்கை வெளியிட்டார். 21 வயதில் தான் எழுதிய புத்தகத்தின் மையக் கருத்தை இப்போது தானே ஏற்கவில்லை; பதிப்பகமும் சம்மதித்துவிட்டது; கையிருப்பு தீர்ந்ததும் மறுபதிப்பு கிடையாது. இதுதான் அதன் சாரம். புத்தகம் விற்கலையே என்று வருத்தப்படும் எழுத்தாளர்களைத்தான் நமக்குத் தெரியும். ஹாரிஸின் வருத்தம் வேறு மாதிரி. அவர் புத்தகம் 10 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றிருந்தது.

புத்தகத்தின் பெயர் ‘ஐ கிஸ்டு டேட்டிங் குட்பை’. நம்ம பாஷையில் சொன்னால், ‘டேட்டிங்குக்கு ஒரு பெரிய கும்பிடு’. 1997-ல் வெளிவந்தது. அமெரிக்காவில் கட்டுப்பாடான கிறிஸ்தவக் குடும்பங்களில் வளர்ந்த ஒரு தலைமுறையே இதைப் படித்து வளர்ந்தது. சிலர் விரும்பிப் படித்தார்கள். பலர் கையில் அப்பா அம்மாவோ, சர்ச்சில் இளைஞர்களை வழிநடத்துபவரோ கொடுத்துப் படிக்கவைத்தார்கள்.

சுற்றியிருக்கும் சினிமா, டிவி, பாட்டு எல்லாம் ஒரு பக்கம் இழுக்க, தங்கள் பிள்ளைகளை இன்னொரு பக்கம் நிறுத்த நினைத்த சமூகம் அது. அந்த முயற்சியில் எது வேலை செய்தது, எது சறுக்கியது?

90-களில் என்ன பயம்?

அமெரிக்கப் பெரியவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் இவாஞ்சலிக்கல் கிறிஸ்தவர். பைபிள்தான் கடைசி வார்த்தை, ஒவ்வொருவரும் தனிப்பட்ட முறையில் மனம் திரும்பி இயேசுவை ஏற்க வேண்டும் என்று நம்பும் புராட்டஸ்டன்ட்கள். செக்ஸ் திருமணத்துக்குள் மட்டுமே என்பது அவர்களுக்குப் புதிய விதி இல்லை, எப்போதும் இருந்த போதனைதான். புதிதாக வந்தது பயம்.

எய்ட்ஸ் பற்றிய அச்சம் அப்போது உச்சத்தில் இருந்தது. டீனேஜ் பெண்களின் பிரசவ விகிதம் 1991-ல் ஆயிரத்துக்கு 62 என்ற அளவை எட்டியிருந்தது. வீட்டுக்குள் எம்.டி.வி. ஓடியது. 1994-ல் ‘ஃபிரெண்ட்ஸ்’ தொடர் தொடங்கியது. நாம் இன்றைக்கும் ஓ.டி.டி.யில் ரிபீட் போட்டுப் பார்க்கும் அதே ‘ஃபிரெண்ட்ஸ்’. அதில் ரேச்சலும் ராஸும் வாழும் வாழ்க்கை, ஒரு பாஸ்டரின் மகளுக்கோ மகனுக்கோ சொல்லப்பட்ட வாழ்க்கைக்கு நேர் எதிரானது. ஆனால் பார்க்க அது ஜாலியாக இருந்தது. பெற்றோருக்குப் பிரச்சினையே அதுதான்.

1993-ல் டென்னஸி மாநிலத்தில் பாப்டிஸ்ட் சபைகள் ‘ட்ரூ லவ் வெயிட்ஸ்’ என்ற இயக்கத்தைத் தொடங்கின. உண்மைக் காதல் காத்திருக்கும் என்று பொருள். திருமணம் வரை காத்திருப்பேன் என்று ஓர் அட்டையில் டீனேஜர்கள் கையெழுத்துப் போட வேண்டும். அடுத்த ஆண்டே 2 லட்சத்துக்கும் மேற்பட்ட அட்டைகளை வாஷிங்டனின் நேஷனல் மால் புல்வெளியில் நட்டுவைத்தார்கள். பிறகு மோதிரம் வந்தது. விரலில் ஒரு வெள்ளி வளையம். கல்யாண நாள் வரை கழற்றக் கூடாது. 1996-ல் அரசாங்கமும் சேர்ந்துகொண்டது. ‘திருமணம் வரை தவிர்த்திரு’ என்று மட்டும் சொல்லித்தரும் பாலியல் கல்விக்கு ஆண்டுக்கு 5 கோடி டாலர் ஒதுக்கியது.

ஹாரிஸ் என்ன சொன்னார்?

இந்தச் சூழலில்தான் ஹாரிஸ் வருகிறார். பள்ளிக்கூடம் போகாமல் வீட்டிலேயே படித்தவர். அவருடைய பெற்றோர் அமெரிக்காவின் ஹோம்ஸ்கூலிங் இயக்கத்தில் முன்னோடிகள். டீனேஜில் ஒரு பெண்ணுடன் பழகிப் பிரிந்த அனுபவமும் அவருக்கு இருந்தது.

புத்தகம் ஒரு கனவுடன் ஆரம்பிக்கும். கல்யாண மேடையில் மணப்பெண்ணும் மாப்பிள்ளையும் நிற்கிறார்கள். வாக்குறுதி சொல்லும் நேரத்தில் கூட்டத்திலிருந்து ஒரு பெண் எழுந்து வந்து மாப்பிள்ளையின் இன்னொரு கையைப் பிடிக்கிறாள். அடுத்து இன்னொருத்தி. அப்புறம் இன்னொருத்தி. எல்லாரும் அவன் முன்பு பழகியவர்கள். ஒவ்வொருவரிடமும் இதயத்தில் ஒரு துண்டைக் கொடுத்துவிட்டானாம், மனைவிக்கு மிச்சம்தான். 15 வயதில் படித்தால் தூக்கம் வராது.

டேட்டிங்கே வேண்டாம் என்பதுதான் அவர் சொன்ன தீர்வு. கல்யாணம் செய்ய மனதளவில் தயாரான பிறகு, அந்த நோக்கத்தோடு மட்டும் பழகு. பெற்றோரைச் சேர்த்துக்கொள். தனியாகச் சுற்றாதே. இதில் என்ன புதுசு, எங்க வீட்டில் இதைத்தானே சொல்றாங்க என்று உங்களில் பாதிப் பேருக்குத் தோன்றலாம். ஆனால் ஹை ஸ்கூலிலேயே ‘பிராம்’ நடனத்துக்கு ஜோடி தேடும் நாட்டில் இது கலகக் குரல். அதுவும் நரைத்த போதகர் பேசவில்லை. இன்னும் கல்யாணமே ஆகாத 21 வயதுப் பையன் பேசினான். அட்டையில் தொப்பி வைத்த இளைஞன். ரொம்ப கூல்.

என் பார்வையில் கதையின் மையம் இந்த ‘கூல்’தான். பாப் கலாச்சாரத்துக்கு எதிராகக் கட்டப்பட்ட வேலியே பாப் கலாச்சாரம் மாதிரிதான் விற்கப்பட்டது. பெஸ்ட் செல்லர், கான்ஃபரன்ஸ் டூர், ராக் பேண்ட் வாசிக்கும் இளைஞர் கூட்டம், விலைக்கு மோதிரம், நட்சத்திரப் பேச்சாளர். செய்தி பழையது, பேக்கிங் முழுக்க எம்.டி.வி. காலத்தது.

டிஸ்னியைப் புறக்கணித்தார்கள், அப்புறம்?

இதில் ஒரு சுவாரஸ்யமான கிளைக்கதை உண்டு. ஹாரிஸின் புத்தகம் வந்த அதே 1997-ல், ஒன்றரைக் கோடி உறுப்பினர்களைக் கொண்ட சதர்ன் பாப்டிஸ்ட் கன்வென்ஷன் டிஸ்னி நிறுவனத்தைப் புறக்கணிக்கத் தீர்மானம் போட்டது. ஊழியர்களின் தன்பாலினத் துணைவர்களுக்கு டிஸ்னி மருத்துவக் காப்பீடு கொடுத்தது ஒரு காரணம். அதன் துணை நிறுவனங்கள் எடுத்த சில படங்களும் தொடர்களும் இன்னொரு காரணம். டிஸ்னி பெரிதாக அசையவில்லை. எட்டு ஆண்டுகள் கழித்து, 2005-ல், புறக்கணிப்பை விலக்கிக்கொண்டார்கள்.

அடுத்த சில ஆண்டுகளில் அமெரிக்க டீனேஜர்கள் கொண்டாடிய ஜோனஸ் பிரதர்ஸ் யார்? ஒரு பாஸ்டரின் மகன்கள். பிரியங்கா சோப்ராவின் கணவர் நிக் ஜோனஸ் அவர்களில் ஒருவர். அவர்களைப் பிரபலமாக்கியது டிஸ்னி சேனல். அவர்கள் விரலில் இருந்தது அதே தூய்மை மோதிரம்! புறக்கணித்துச் சாதிக்க முடியாததை டிஸ்னியே இலவச விளம்பரமாகச் செய்துகொடுத்தது போல ஆகிவிட்டது. ஆனால் மேடைக்குப் போனால் கேலியும் வரும். 2008 எம்.டி.வி. விருது விழாவில் தொகுப்பாளர் ரஸ்ஸல் பிராண்ட் அந்த மோதிரத்தை வைத்து ஜோக் அடித்தார். மோதிரம் அணிந்திருந்த பாடகி ஜோர்டின் ஸ்பார்க்ஸ் அதே மேடையில் பதிலடி கொடுத்தார். மறுநாள் பேச்செல்லாம் மோதிரத்தைப் பற்றித்தான். நம்பிக்கையைப் பற்றி யார் பேசினார்கள்?

உறுதிமொழி வேலை செய்ததா?

செய்தது, ஓரளவுக்கு. சமூகவியலாளர்கள் பீட்டர் பியர்மனும் ஹன்னா ப்ரூக்னரும் 2001-ல் வெளியிட்ட ஆய்வின்படி, உறுதிமொழி எடுத்தவர்கள் மற்றவர்களைவிடச் சராசரியாக 18 மாதங்கள் தாமதமாகவே பாலுறவைத் தொடங்கினார்கள். கேலி பேசுபவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள்.

ஆனால் அதே ஆய்வில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. உறுதிமொழி எடுத்தவர்கள் சிறுபான்மையாக இருந்த பள்ளிகளில்தான் அது வேலை செய்தது. நிறையப் பேர் எடுத்தால் விளைவு காணாமல் போனது. ‘நாங்க கொஞ்சம் வேற’ என்ற அடையாளம்தான் அவர்களைத் தாங்கியது. எல்லாரும் போட்டால் அது அடையாளம் இல்லை, யூனிஃபார்ம்.

2009-ல் ‘பீடியாட்ரிக்ஸ்’ இதழில் ஜேனட் ரோசன்பாம் வெளியிட்ட ஆய்வு இன்னும் கறாரானது. உறுதிமொழி எடுத்தவர்களை, அதே அளவு பக்தியும் அதே எண்ணங்களும் கொண்ட, ஆனால் உறுதிமொழி எடுக்காதவர்களுடன் ஒப்பிட்டார். ஐந்து ஆண்டுகள் கழித்துப் பார்த்தால் இரு தரப்பின் பாலியல் வாழ்க்கையிலும் வித்தியாசம் இல்லை. ஒன்றே ஒன்றில்தான் வித்தியாசம்: உறுதிமொழிக்காரர்கள் ஆணுறை, கருத்தடை பயன்படுத்துவது குறைவு. தவறுக்குத் திட்டம் போட்டு யார் போவார்கள்? அதைவிட ஆச்சரியம், 82 சதவீதம் பேர் ‘நான் உறுதிமொழியே எடுக்கலையே’ என்று மறுத்திருந்தார்கள். அவர்களைத் தாங்கியிருந்தால் அது வீட்டில் ஊறிய நம்பிக்கைதான், அட்டை இல்லை என்று இதைப் படிக்கலாம்.

மென்று துப்பிய சூயிங்கம்

புள்ளிவிவரத்தில் வராத சேதம் ஒன்று இருக்கிறது. அந்தக் கால வகுப்புகளில் ஒரு ரோஜாவைக் கை மாற்றிக் கை மாற்றி அனுப்புவார்கள். கடைசியில் இதழ் உதிர்ந்த காம்பைக் காட்டி, ‘இது யாருக்கு வேணும்?’ என்று கேட்பார்கள். இன்னொரு வடிவம், மென்று துப்பிய சூயிங்கம். இந்த உவமைகள் பெரும்பாலும் பெண் பிள்ளைகளைக் குறிவைத்தவை. உடை விஷயத்திலும் அப்படித்தான். பையனின் கண் அலைந்தால் அதற்குப் பெண்ணின் உடை பொறுப்பு.

இது எங்கே போய் முடியும் என்பதற்கு எலிசபெத் ஸ்மார்ட் சாட்சி. மார்மன் குடும்பத்தில் வளர்ந்தவர். இவாஞ்சலிக்கல் இல்லை என்றாலும், அங்கேயும் ஒழுக்கப் பாடம் இதே ரகம்தான். 2002-ல், 14 வயதில், வீட்டிலிருந்து கடத்தப்பட்டு ஒன்பது மாதங்கள் தொடர்ந்து பாலியல் வன்முறைக்கு உள்ளானார். 2013-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பேசியபோது, பள்ளியில் கேட்ட அந்தச் சூயிங்கம் பாடத்தை நினைவுகூர்ந்தார். மென்ற சூயிங்கத்தை யாரும் எடுப்பதில்லை, தனக்கு இனி மதிப்பே இல்லை என்று அந்த நேரத்தில் தோன்றியதாகச் சொன்னார். கடத்தப்பட்டவர்கள் ஏன் தப்பி ஓடுவதில்லை என்று கேட்பவர்களுக்கு அவர் கொடுத்த விளக்கம் அது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கிறிஸ்தவத்தின் அடிப்படைப் போதனை மன்னிப்பு. எவ்வளவு உடைந்தவரையும் தேவன் ஏற்பார் என்பதுதான் சுவிசேஷமே. ரோஜா காம்பு பாடம் சொன்னது அதற்கு நேர் எதிரானது. பழமைவாத விழுமியத்தைக் காக்கப் போய், அந்த விழுமியம் எந்த மதத்திலிருந்து வந்ததோ அதன் இதயத்தையே கோட்டை விட்டுவிட்டார்கள்.

யூ டர்ன்

ஹாரிஸ் 1998-ல் கல்யாணம் செய்துகொண்டார். 2004 முதல் 2015 வரை மேரிலாந்தில் ஒரு பெரிய சபையின் தலைமைப் போதகர். பிறகு இறையியல் படிக்கக் கனடா போனார். வாழ்க்கையில் முதல்முறையாக முறையான கல்லூரிப் படிப்பு.

2016-ல் ட்விட்டரில் ஒரு பெண், அந்தப் புத்தகம் தன்மீது ஆயுதம் போலப் பயன்படுத்தப்பட்டது என்று எழுத, ஹாரிஸ் மன்னிப்புக் கேட்டார். அதன்பின் வாசகர்களின் அனுபவங்களைக் கேட்டு வாங்க ஆரம்பித்தார். எதிர்பாலினத்தவரிடம் சாதாரணமாகப் பேசவே பயந்தவர்கள், கல்யாணமான பிறகும் குற்ற உணர்விலிருந்து வெளியே வர முடியாதவர்கள், எல்லா விதியையும் கடைப்பிடித்துக் கல்யாணம் செய்து, அது உடைந்துபோனவர்கள்.

இந்தக் கடைசி ரகம் முக்கியம். காத்திருந்தால் அருமையான மணவாழ்க்கை பரிசாகக் கிடைக்கும் என்பது அந்த இயக்கத்தின் சொல்லாத ஒப்பந்தம். காசு கொடுத்தால் தேவன் செல்வம் தருவார் என்று சில ஊழியக்காரர்கள் சொல்வதுபோல, இது பாலியல் வடிவில் வந்த ‘செழிப்பு உபதேசம்’ என்று கேட்லின் பீட்டி என்ற கிறிஸ்தவ எழுத்தாளரே விமர்சித்தார். பைபிள் அப்படி எந்த கேரன்டியும் கொடுக்கவில்லை. கேரன்டி கொடுப்பது விளம்பரத்தின் வேலை.

2019 ஜூலையில் ஹாரிஸ் மனைவியைப் பிரிவதாக அறிவித்தார். சில நாள்களில் தான் இனி கிறிஸ்தவன் இல்லை என்றும் சொன்னார். ‘பார்த்தீங்களா, கட்டுப்பாடே தப்பு’ என்றது ஒரு தரப்பு. ‘பார்த்தீங்களா, கட்டுப்பாட்டை விட்டால் இப்படித்தான்’ என்றது இன்னொரு தரப்பு.

இரண்டு பக்கமும் சேராதவர்களும் இருந்தார்கள். பாஸ்டரின் மகளான ரேச்சல் ஜாய் வெல்ச்சர், அந்தக் கால ‘தூய்மை’ புத்தகங்களையெல்லாம் திரும்பப் படித்து 2020-ல் ஒரு புத்தகம் எழுதினார். அவரே விவாகரத்தானவர். செக்ஸ் திருமணத்துக்குள்தான் என்பதில் இன்றும் உறுதியாக இருப்பவர். அவர் கைவிட்டது பரிசு என்ற வாக்குறுதியையும், பெண்ணின் மீது மட்டும் சுமத்திய பொறுப்பையும், கன்னித்தன்மைதான் ஒருவரின் மதிப்பு என்ற கணக்கையும். பலன் கிடைக்காவிட்டாலும் இது சரி என்று நம்புவதால் பின்பற்றுகிறேன் என்பது அவர் நிலை. இதை மோதிரத்தில் பொறித்து விற்க முடியாது. பெஸ்ட் செல்லர் ஆவதும் கஷ்டம்.

ஹாரிஸ்? 2021 ஆகஸ்டில், மத நம்பிக்கையிலிருந்து வெளியே வருபவர்களுக்கு வழிகாட்டும் ஆன்லைன் கோர்ஸ் ஒன்றை அறிவித்தார். கட்டணம் 275 டாலர். தன் பழைய புத்தகத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கு இலவசம் என்றார். ‘காயப்படுத்தியும் சம்பாதித்தார், இப்போ மருந்து கொடுத்தும் சம்பாதிக்கிறார்’ என்ற ரீதியில் எதிர்ப்பு கிளம்பியது. கோர்ஸையும் விலக்கிக்கொண்டார்.