லென்ஸுக்கு ஏற்ற நிழல்

விடுமுறைக்கு ஊரிலிருந்து தாத்தாவும் பாட்டியும் வந்தால், அவர்களை இந்தியா கேட்டுக்கோ மரீன் டிரைவுக்கோ அழைத்துச் சென்று படமெடுக்காத தமிழ்க் குடும்பம் அரிது. பிற்காலத்தில் அப்படங்களே நமக்குச் செல்வம். ஆயினும் மாலை வெயிலில் எடுத்த படங்கள் சில, பனி படர்ந்தாற்போல் வெளிறி, முகங்கள் தெளிவின்றி அமைந்துவிடுகின்றன. காமிராவை நொந்து பயனில்லை. லென்ஸின்மேல் பக்கவாட்டிலிருந்து வெயில் விழுவதே பெரும்பாலும் இதற்குக் காரணம்.

தொலைவில் வருபவரை இனங்காணப் புருவத்தின்மேல் கையை வைத்துப் பார்க்கிறோம் அல்லவா? லென்ஸின் முகப்பில் பொருத்தும் ‘ஹூட்’ செய்யும் தொண்டும் அதுவே. பூச்சில்லாத கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 4 விழுக்காட்டைத் திருப்பிவிடும். 1935-இல் ஜெர்மனியின் ஜெய்ஸ் நிறுவனத்தில் உருவான மேற்பூச்சு முறை இதனை வெகுவாகக் குறைத்தது, முற்றும் ஒழிக்கவில்லை. வேண்டாத வெயில் லென்ஸினுள்ளே சிதறினால் கறுப்பு நிறம் சாம்பலாகிறது.

இனி, எவ்வடிவ ஹூட் நமக்கு ஏற்றது?

லென்ஸ் வட்டமானது, படமோ நீள்சதுரம். 36-க்கு 24 மில்லிமீட்டர் சட்டமுள்ள காமிராவில் 28 மில்லிமீட்டர் லென்ஸ், அகலத்தில் சுமார் 65 பாகையும், உயரத்தில் 46 பாகையும், மூலைக்கு மூலை 75 பாகையும் காண்கிறது. ஆகவே அகன்ற பார்வையுள்ள லென்ஸுக்கு, மூலைகளுக்கு நேரே ஆழமாக வெட்டி, மேலும் கீழும் நீண்ட இதழ்களும் இருபக்கமும் குறுகிய இதழ்களும் விடுகின்றனர். இதழ் வடிவம் அழகுக்காக வந்ததன்று.

200 மில்லிமீட்டர் லென்ஸ் மூலைக்கு மூலை காண்பது 12 பாகையளவே. அதற்கு நீண்ட குழாய் போன்ற வட்ட ஹூட் போதும். குவியம் திருப்பும்போது முன்பகுதி சுழலும் பழைய லென்ஸ்களுக்கும் வட்டமே தக்கது. இதழ் வடிவம் சுழன்றால் மூலைகள் கறுத்துவிடும். ஜூம் லென்ஸின் ஹூட் அதன் மிக அகன்ற பார்வைக்கு ஏற்பவே அமைய வேண்டும். எனவே தொலைப் பார்வையில் அதன் காப்பு குறைவே. ரப்பர் ஹூட்டை, ஊருக்குச் செல்லும் ரயிலின் ஜன்னல் கண்ணாடியோடு சேர்த்து வைத்துப் படமெடுத்தால், பெட்டிக்குள்ளிருக்கும் விளக்கின் பிரதிபலிப்பு விழாது.

கடையில் விட்டத்தின் அளவை மட்டும் கூறி வாங்குதல் தகாது. லென்ஸின் மாதிரிப் பெயரையும் கூற வேண்டும். வாங்கியதும், ஜூமை மிக அகன்ற நிலையில் வைத்து, துவாரத்தைச் சிறிதாக்கி, வெறுமையான வெள்ளைச் சுவரைப் படமெடுத்துப் பார்க்கலாம். ஹூட்டுடன் எடுத்த படத்தில் மட்டும் மூலைகள் கறுத்திருந்தால் அது பொருந்தவில்லை என்று பொருள். காமிராவோடு இணைந்த பிளாஷைப் பயன்படுத்தும்போது ஹூட்டைக் கழற்றுதல் நன்று. இல்லையேல் அதன் நிழல் படத்தின் அடியில் விழக்கூடும்.

சூரியனே படத்துக்குள் இருந்தால் எந்த ஹூட்டும் உதவாது. நிற்கும் இடத்தைச் சற்று மாற்றிக்கொள்ள வேண்டியதுதான். கைபேசியில் படமெடுப்போர் மறு கையால், விரல் படத்தில் விழாதவாறு, வெயிலை மறைத்தாலே போதும். பெரியவர்கள் நம்மிடம் வந்து தங்கும் நாட்கள் சிலவே. அந்நாட்களில் எடுக்கும் படங்களில் அவர்கள் முகம் தெளிவாக விளங்க, இச்சிறு நிழலை நாம் மறவாதிருப்போமாக.