பந்து மலைப்பாம்பு வளர்ப்பிடம்

பந்து மலைப்பாம்பு வளர்ப்பிடம் என்பது, மனிதரால் வளர்க்கப்படும் பந்து மலைப்பாம்பு வாழ்வதற்கென வெப்பம், ஈரப்பதம், மறைவிடம் ஆகியன ஒழுங்குசெய்யப்பட்ட பெட்டி ஆகும். பாம்பு தன் உடல் வெப்பத்தைத் தானே போதிய அளவு உண்டாக்கிக்கொள்ளும் விலங்கு அன்று. சூடான இடத்துக்கும் குளிர்ந்த இடத்துக்கும் மாறிமாறிச் சென்றே அது தன் உடல் வெப்பநிலையைச் சரிசெய்துகொள்கிறது. செரிமானம், தோலுரித்தல், நோயெதிர்ப்பு ஆகிய அனைத்தும் இதனைச் சார்ந்தவை. உணவு மறுத்தல், தோல் துண்டுதுண்டாக உரிதல், சுவாசத் தொற்று, சுடுபுண் என வளர்ப்போர் சந்திக்கும் சிக்கல்கள் பாம்பின் நோயாகத் தோன்றினாலும், பல வேளைகளில் அவற்றின் காரணம் பெட்டியில்தான் இருக்கிறது.

இயற்கை வாழிடம்

பந்து மலைப்பாம்பு மேற்கு ஆப்பிரிக்காவின் செனகலில் இருந்து கிழக்கே சூடான், உகாண்டா வரையிலான புல்வெளிகளிலும் திறந்த காடுகளிலும் வாழும் நஞ்சற்ற பாம்பினம் ஆகும். இதன் அறிவியற் பெயர் பைத்தான் ரீஜியஸ். 1802ஆம் ஆண்டு சியார்ச் ஷா என்பவர் இதனை விவரித்தார். அச்சுறும்போது தலையை நடுவில் வைத்து உடலைப் பந்துபோல் சுருட்டிக்கொள்வதால் இப்பெயர் ஏற்பட்டது. பிரித்தானியாவில் இதனை அரச மலைப்பாம்பு என்று அழைப்பர். வளர்ந்த பாம்பு பெரும்பாலும் 90 முதல் 150 செ.மீ. வரை நீளமிருக்கும், பெண் பாம்புகள் ஆணைவிடப் பெரியவை.

பகலில் எலி வளைகளிலும் கறையான் புற்றுகளிலும் ஒடுங்கியிருந்து, இரவில் இரை தேடுவது இதன் வழக்கம். இதனை வைத்து, இப்பாம்புக்கு இருட்டான சிறிய பெட்டியே போதும் என்ற கருத்து நெடுங்காலம் நிலவியது. இது பாதி உண்மையே. நைசீரியாவில் நடத்தப்பட்டு 1998இல் வெளிவந்த ஆய்வொன்றில், 70 செ.மீ.க்குக் குறைவான பாம்புகள் பெரும்பாலும் பறவைகளையும், ஒரு மீட்டருக்கு மேற்பட்டவை பெரும்பாலும் சிறு பாலூட்டிகளையும் உண்டிருந்தமை அறியப்பட்டது. ஆண் பாம்புகள் மரமேறும் இயல்பு கூடுதலாக உடையவை என்பதும் அதில் தெரிந்தது. வளை என்பது இப்பாம்பு ஓய்வெடுக்கும் அறை மட்டுமே.

இவை நீண்டகாலம் வாழ்பவை. வளர்ப்பில் 20 முதல் 30 ஆண்டுகள் என்பது இயல்பான வயது. அமெரிக்காவின் செயின்ட் லூயிசு விலங்குக் காட்சியகத்தில் 1961 முதல் வாழ்ந்துவந்த, 60 வயதைக் கடந்ததாக மதிப்பிடப்பட்ட பெண் பாம்பு ஒன்று 2020இல் முட்டையிட்டுச் செய்தியானது. பெட்டி வாங்குவோர் இந்தக் கால அளவை மனத்திற்கொள்வது நல்லது.

பெட்டியின் அளவு

முன்னர், வளர்ந்த பாம்புக்கு 90 செ.மீ. நீளமும் 45 செ.மீ. அகலமும் உள்ள தொட்டி போதும் எனக் கொள்ளப்பட்டது. வணிக முறையில் இனப்பெருக்கம் செய்வோர் இன்றும் இதைவிடச் சிறிய நெகிழி இழுப்பறைகளை அடுக்கு அடுக்காக வைத்துப் பயன்படுத்துகின்றனர். இடமும் மின்செலவும் குறையும் என்பதே இதற்கு முதன்மைக் காரணம். 2021இல் செருமானிய ஆய்வாளர்கள் ஒரே பாம்புகளை இழுப்பறையிலும் கண்ணாடிப் பெட்டியிலும் மாற்றி வைத்து நோக்கினர். ஏறுதல், வெயில் காய்தல் போன்ற நடத்தைகளுக்கு இழுப்பறையில் இடமில்லை என்பதால், அது இவ்வினத்துக்கு ஏற்றதன்று என அவர்கள் முடிவு செய்தனர். பாம்பு உடலை முழுவதும் நீட்டக்கூடிய நீளம் வேண்டும் என்ற கருத்து இப்போது வலுப்பெற்றுள்ளது. வளர்ந்த பாம்புக்கு 120 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம், 60 செ.மீ. உயரம் என்பதே இன்று பலரும் பரிந்துரைக்கும் அளவு.

பெரிய பெட்டியில் குட்டிப் பாம்பு அஞ்சி உண்ணாது என்று கூறப்படுவதுண்டு. அதனை அச்சுறுத்துவது வெறுமையான இடமே. மறைவிடங்களும் கிளைகளும் இலைகளும் நிறைந்த பெரிய பெட்டியில் குட்டிகளும் நன்கு வளர்கின்றன. எனினும், நான்கடிப் பெட்டியை வெற்றிடமாக விட்டுக் குட்டியை வைப்பதைவிடச் சிறிய பெட்டியில் தொடங்குவது மேல். ஒரு பெட்டியில் ஒரு பாம்பையே வைத்தல் வேண்டும். இரு பாம்புகள் ஒன்றன்மேல் ஒன்று சுருண்டு கிடப்பதை நட்பு எனப் பலர் எண்ணுவர். இருக்கும் ஒரே நல்ல இடத்துக்காக அவை போட்டியிடுகின்றன என்பதே பெரும்பாலும் உண்மை.

பெட்டியின் பொருள்

கண்ணாடித் தொட்டி எளிதில் கிடைப்பது, பார்வைக்கும் அழகானது. ஆனால் அதன் மேல்மூடி கம்பிவலையாக இருப்பதால் வெப்பமும் ஈரமும் விரைவில் வெளியேறிவிடும். வலையின் பெரும்பகுதியை மூடிவிட்டு, பின்புறத்தையும் பக்கங்களையும் ஒளிபுகாத தாளால் மறைத்தால் இக்குறை ஓரளவு நீங்கும். பி.வி.சி. பலகையால் செய்து முன்புறம் நகரும் கண்ணாடிக் கதவு பொருத்திய பெட்டி, வெப்பத்தையும் ஈரத்தையும் நன்கு தக்கவைக்கும். மரப்பெட்டியும் நன்றே, உட்புறப் பொருத்துகளை நீர்புகா வண்ணம் அடைக்காவிடில் மரம் ஊறிப் பூஞ்சை பிடிக்கும். எப்பொருளாயினும் பூட்டு இன்றியமையாதது. சிறு இடைவெளி கிடைத்தாலும் பாம்பு மூக்கால் நெம்பித் திறந்துவிடும்.

வெப்பம்

பெட்டி முழுவதும் ஒரே வெப்பநிலை இருத்தல் கூடாது. வெப்பமூட்டியை ஒரு முனையில் மட்டும் அமைத்தால், அம்முனையிலிருந்து மறுமுனை வரை வெப்பநிலை படிப்படியாகக் குறையும். வெயில் காயும் இடத்தின் பரப்பு 32 முதல் 34 பாகை செல்சியசு, குளிர்ந்த முனையின் காற்று 24 முதல் 27 பாகை என்பது பொதுவான இலக்கு. குளிர்ந்த முனை என்பது பெயருக்குத்தான். இரவிலும் அது 24 பாகைக்குக் கீழே இறங்காமல் இருப்பது நன்று.

பீங்கான் வெப்பமூட்டி, ஆலசன் விளக்கு, கூரையில் பொருத்தும் வெப்பப் பலகை, பெட்டிக்கு அடியில் வைக்கும் வெப்பப் பாய் ஆகியன பயன்பாட்டில் உள்ளன. பாய் தரையைச் சூடாக்குமே தவிரக் காற்றைப் பெரிதாகச் சூடாக்காது. குளிர் நாடுகளில் அது மட்டும் போதாது. மின்சாரத்தால் சூடாகும் செயற்கைப் பாறைகளைத் தவிர்க்க வேண்டும். விளக்கோ பீங்கான் வெப்பமூட்டியோ பெட்டிக்குள் இருப்பின் அதனைச் சுற்றிக் கம்பிக்கூடு தேவை. அளவுக்கு மீறிச் சூடான பரப்பிலிருந்து பாம்பு உடனே விலகிவிடும் என்று நம்ப இயலாது. அதன்மேலேயே படுத்திருந்து கடும் சுடுபுண் அடைவது கால்நடை மருத்துவர்கள் அடிக்கடி காண்பது.

ஆகவே, எவ்வகை வெப்பமூட்டியாயினும் தெர்மோஸ்டாட் எனப்படும் வெப்பநிலைக் கட்டுப்படுத்தி வழியாகவே இயங்க வேண்டும். மலிவான வகை மின்சாரத்தை முழுதும் தரும் அல்லது முழுதும் நிறுத்தும்; பாய்க்கு இது போதும். ஒளி தரும் விளக்குகளுக்கு, மின்திறனைச் சிறிதுசிறிதாகக் கூட்டிக் குறைக்கும் வகை ஏற்றது. இல்லையெனில் விளக்கு ஓயாது அணைந்து எரியும்.

கட்டுப்படுத்தியின் உணரி எங்கே இருக்கிறது என்பதில்தான் எல்லாம் அடங்கியுள்ளது. கருவி அறிவது உணரி தொடும் இடத்தின் வெப்பநிலையை மட்டுமே. பாம்பு தள்ளிவிட்டதால் உணரி குளிர்ந்த முனைக்கு நகர்ந்துவிட்டால், பெட்டி குளிர்ந்துவிட்டது எனக் கருவி கருதி வெப்பமூட்டியை முழுத்திறனில் இயக்கிக்கொண்டே இருக்கும். நீர்க்கிண்ணத்தில் உணரி விழுந்தாலும் இதே விளைவுதான். எனவே உணரியை அசையாதபடி பொருத்துவதோடு, கட்டுப்படுத்தியுடன் தொடர்பில்லாத தனி வெப்பமானி ஒன்றையும் வைப்பது பாதுகாப்பு. ஒட்டக்கூடிய முள் வெப்பமானிகள் நம்பத்தக்கவை அல்ல. அகச்சிவப்பு வெப்பமானி பரப்பின் வெப்பநிலையைக் காட்டும்; ஆனால் கண்ணாடிக்கு வெளியே நின்று அளந்தால் அது கண்ணாடியின் வெப்பநிலையையே காட்டும்.

ஈரப்பதம்

காற்றின் சார்பு ஈரப்பதம் 55 முதல் 70 விழுக்காடு வரை இருத்தல் வேண்டும். தோலுரிக்கும் காலத்தில் சற்றுக் கூடுதலாக இருக்கலாம். இங்கு ஓர் இயற்பியல் உண்மை குழப்பத்தை உண்டாக்குவதுண்டு. சூடான காற்று கூடுதல் நீராவியைக் கொள்ளும் என்பதால், நீராவியின் அளவு மாறாமலேயே வெப்பநிலையுடன் சார்பு ஈரப்பதம் மாறும். குளிர்ந்த முனையில் 25 பாகையில் 70 விழுக்காடு காட்டும் அதே காற்று, 31 பாகை உள்ள முனையில் ஏறத்தாழ 49 விழுக்காடே காட்டும். ஒரே பெட்டியில் இரு ஈரமானிகள் வேறுபட்டால் ஒன்று பழுது என்று எண்ண வேண்டியதில்லை.

ஈரப்பதம் குறைந்தால் தோல் முழு உறையாகக் கழலாது துண்டுகளாக ஒட்டிக்கொள்ளும். கண்ணை மூடியிருக்கும் பழைய செதிலும் நீங்காது. மாறாகத் தரை எப்போதும் நனைந்திருந்தால் வயிற்றுச் செதில்கள் புண்ணாகும். குளிரும் சேர்ந்தால் சுவாசத் தொற்று வரும். ஈரமான காற்று வேண்டும், ஈரமான தரை வேண்டாம் என்பதே இதன் சுருக்கம். நீர் தெளிப்பதால் ஈரப்பதம் சில மணிநேரமே உயர்ந்து நிற்கும். தென்னைநார்த் தூளைச் சில அங்குல ஆழத்துக்குப் பரப்பி, மூலைகளில் நீர் ஊற்றி, அடிப்பகுதி ஈரமாகவும் மேற்பகுதி உலர்ந்தும் இருக்கச் செய்வது நிலையான பயன் தரும்.

மறைவிடங்கள்

குறைந்தது இரண்டு மறைவிடங்கள் தேவை: சூடான முனையில் ஒன்று, குளிர்ந்த முனையில் ஒன்று. ஒன்றே போதும் என எண்ணி அதனைக் குளிர்ந்த முனையில் மட்டும் வைத்தால், இரை உண்ட பாம்பு செரிமானத்துக்கு வேண்டிய வெப்பத்துக்காக வெளியே வர வேண்டும் அல்லது ஒளிந்தபடியே குளிரில் கிடக்க வேண்டும். இவ்வினத்தின் இயல்பைப் பார்த்தால் அது பெரும்பாலும் ஒளிந்தே கிடக்கும். செரிமானம் தடைபட்டு இரையைக் கக்கவும் கூடும். சூடான முனையில் மட்டும் வைத்தாலும் சிக்கலே; பாம்பு மறைவை விட்டு நீங்க மனமின்றி மிகையான வெப்பத்தைத் தாங்கிக்கொண்டிருக்கும். வளர்ப்பிடத்தின் மற்றெல்லா ஏற்பாடுகளும் சரியாக இருந்து, பாதுகாப்பா வெப்பமா என ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் நிலை மட்டும் இருந்தால், வெப்பமானி காட்டும் அழகான எண்களால் பாம்புக்குப் பயனில்லை.

மறைவிடம் நெருக்கமாக இருக்க வேண்டும். சுருண்டிருக்கும் பாம்பின் முதுகும் பக்கங்களும் சுவரைத் தொட்டால் அது சரியான அளவு. ஒரே வாயில் உடையதே நன்று. விலையுயர்ந்த செயற்கைக் குகை தேவையில்லை. கவிழ்த்து வைத்து, விளிம்பில் வழி வெட்டி மழுக்கிய நெகிழிப் பூந்தொட்டியே போதும். பாம்பு வளர வளர இதனை மாற்றிவர வேண்டும்.

பிற பொருட்கள்

தேவதாரு, பைன் மரத்தூள்களின் மணப்பொருட்கள் கேடு தரக்கூடியவை என்பதால் அவற்றைத் தரையில் இடக்கூடாது. பாம்பு உடல் முழுதும் அமிழக்கூடிய, எளிதில் கவிழாத நீர்க்கிண்ணம் வேண்டும். பகலில் 12 மணிநேரம் ஒளியும் இரவில் முழு இருளும் போதுமானவை. இரவில் சிவப்பு விளக்கு எரிப்பது தேவையற்ற பழக்கம். இப்பாம்பின் கண்களில் புறஊதாக் கதிரை உணரும் செல்கள் உள்ளன. மிதமான புறஊதா விளக்கு கட்டாயம் இல்லாவிடினும், அதனைப் பொருத்துவோர் அண்மையில் பெருகியுள்ளனர்.

பாம்பை விடுவதற்கு முன்

பாம்பு வருவதற்கு ஒரு வாரம் முன்னரே பெட்டியை இயக்கி, பகலிலும் இரவிலும் அளவுகளைக் குறித்துவர வேண்டும். பாம்பை உள்ளே விட்டபின் வெப்பநிலையைத் திருத்த முயல்வது இருவருக்கும் தொல்லை. வீட்டில் வேறு பாம்பு இருந்தால், புதிய பாம்பைத் தனி அறையில், வெறும் தாள் பரப்பிய பெட்டியில் சில மாதங்கள் வைப்பர். பாம்பு உண்ணி இருந்தால் வெள்ளைத் தாளில் கரும்புள்ளிகளாகத் தெரியும்.

முதல் வாரம் பாம்பைக் கையில் எடுக்காமல் விட்டு, அதன்பின் இரை கொடுக்கலாம். அது உண்ணாவிட்டால், முதலில் சூடான மறைவிடத்தின் உட்புற வெப்பநிலையை அளக்க வேண்டும். வளர்ந்த பாம்புகள் இனப்பெருக்கக் காலத்தில் சில மாதங்கள் உண்ணாதிருப்பது இயல்பே. எடை குறையாதவரை அஞ்ச வேண்டியதில்லை. எடை குறைந்தாலோ, வாயைத் திறந்து மூச்சுவிட்டாலோ ஊர்வன மருத்துவம் அறிந்த கால்நடை மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும்.

சட்டநிலை

பந்து மலைப்பாம்பு, அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை ஒழுங்குபடுத்தும் சைட்டிசு உடன்படிக்கையின் இரண்டாம் பின்னிணைப்பில் உள்ளது. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2022இல் கொண்டுவரப்பட்ட திருத்தம், 2023 ஏப்பிரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இதன்படி, இத்தகைய அயல்நாட்டு விலங்கை வைத்திருப்போர் அதனை அரசிடம் பதிவு செய்தல் கட்டாயம். தாய்லாந்து போன்ற நாடுகளிலிருந்து பயணப் பைகளில் மறைத்துக் கொண்டுவரப்பட்ட பந்து மலைப்பாம்புகளைச் சென்னை விமான நிலையச் சுங்கத்துறையினர் பலமுறை கைப்பற்றியுள்ளனர். நம் ஊர் வயல்வெளிகளில் காணப்படும் இந்திய மலைப்பாம்பு வேறு இனமாகும். அதனைப் பிடிப்பதும் வீட்டில் வளர்ப்பதும் தண்டனைக்குரிய குற்றங்கள்.