புகையாத கரி

கொரிய உணவகத்தில் மேசைக்கு நடுவே ஒரு குழி இருக்கும். கனலும் கரியைக் கொண்டுவந்து அதில் இறக்குவார்கள். வலைத்தட்டில் இறைச்சியை நாமே புரட்டிச் சுட்டு, பூண்டும் சேர்த்து இலையில் மடித்துச் சாப்பிட வேண்டும். ஹூண்டாய் ஆலை வந்த பிறகு சென்னை, ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் இந்தச் சாப்பாடு நமக்கும் பழகிவிட்டது. அங்கே போனால் தட்டைப் பார்ப்பதற்கு முன் அதன் மேல் தொங்கும் குழாயைப் பாருங்கள். அடுப்பிலிருந்து எழுவதை உறிஞ்சி வெளியே தள்ளுவது அதுதான். சில கடைகளில் அது மேசைக்கு அடியில் இருக்கும்.

கண் எரியாமல் இருக்கத்தான் அந்தக் குழாய் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் நன்றாகக் கனன்ற கரியில் புகை அநேகமாக இல்லை. கொழுப்பு சொட்டும்போது எழுவதுதான் கண்ணைக் கரிக்கும் புகை. கரி வெளியிடுவது கண்ணுக்குத் தெரியாத, மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு. கரி எரிந்து உண்டாகும் கார்பன் டைஆக்சைடு, மேலிருக்கும் தணலின் ஊடே ஏறும்போது ஓர் ஆக்சிஜன் அணுவைக் கரிக்குக் கொடுத்துவிடுகிறது. ஒன்று போய் இரண்டு மோனாக்சைடு மூலக்கூறுகள் பிறக்கின்றன. தழல் வீரியமாக இருந்தால் அதில் பெரும்பகுதி நீலச் சுடராக எரிந்துவிடும். சாம்பல் பூத்த கரியில் அந்தச் சூடு இல்லை. வாயு அப்படியே அறைக்குள் பரவுகிறது. அடுப்பு அணைந்துவிட்டது என்று நாம் நிம்மதியாகப் படுக்கும் நேரம் அது.

2024 ஆகஸ்டில் கொடைக்கானலுக்குச் சுற்றுலா வந்த திருச்சிக்காரர்கள் இருவர் இப்படித்தான் இறந்துபோனார்கள். கறி சுட்ட பார்பிக்யூ அடுப்பு அவர்கள் உறங்கிய அறையிலேயே இருந்தது.

இந்த வாயு ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பற்றிக்கொள்ளும். கொடைக்கானலோ சுமார் 2,100 மீட்டர் உயரம்; அங்கே ஒவ்வொரு மூச்சிலும் ஆக்சிஜன் சமவெளியைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. போதாக்குறைக்குக் குளிருக்குப் பயந்து ஜன்னலையும் அடைத்துவிடுகிறோம். 1845 முதல் அமெரிக்க மிஷனரிகள் இந்த மலையில் வீடு கட்டிக் குடியேறினார்கள். பழைய பங்களாக்களின் கணப்படுப்புக்கு மேலே புகைபோக்கி உண்டு. கையில் தூக்கிச் செல்லும் பார்பிக்யூ அடுப்புக்கு அது இல்லை.

கொரியர்களுக்கு இந்த வாயுவை நன்றாகத் தெரியும். யோந்தான் என்ற துளையிட்ட கரிக்கட்டிகளை எரித்து வீட்டுத் தரையைச் சூடாக்கிய காலத்தில், குளிர்காலம்தோறும் அங்கே பலர் தூக்கத்திலேயே மாண்டார்கள்.

மலைக்குப் போகிறவர்களே, கரி அடுப்பைத் திறந்தவெளியிலேயே வையுங்கள். அணைந்தது போலத் தெரிந்தாலும், குளிர்காய என்றாலும், உள்ளே கொண்டுவராதீர்கள். ஒரே அறையில் இருப்பவர்களுக்குத் தலைவலியும் குமட்டலும் சேர்ந்து வந்தால் பித்தம் என்று படுத்துவிடாமல் உடனே வெளியே வந்து 108ஐ அழையுங்கள். வெறும் காற்றைச் சுவாசித்தால் இரத்தத்தில் ஏறிய வாயு பாதியாகக் குறையவே நான்கைந்து மணி நேரமாகும். மருத்துவமனையில் தூய ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்றரை மணி நேரத்துக்குள் பாதியாகிவிடும்.