"ஃபிட் ஆகும்"னு பெட்டியில போட்டிருக்கு, அது போதுமா?

என்ன மக்களே, செமஸ்டர் லீவுக்கு எங்க ட்ரிப்? வால்பாறை, மூணாறுன்னு வாட்ஸ்அப் குரூப்ல மேப் பறந்துக்கிட்டு இருக்கும். கொஞ்சம் துணிஞ்ச கோஷ்டி லடாக் வரைக்கும் பேசிக்கிட்டு இருக்கும். பேனியர், ஃபாக் லைட், மொபைல் மவுண்ட் எல்லாத்துக்கும் பட்ஜெட் போட்டாச்சு. கிளம்பறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி யாராவது ஒருத்தன் கேட்பான்: "மச்சி, ஆயில் மாத்தணும். ஃபில்டர் கம்பெனியோடதே போடவா, வெளில வேற பிராண்ட் வாங்கவா?" இந்தக் கட்டுரை அவனுக்காக.

முதல்ல எங்க கதையைச் சொல்லிடறேன். கொல்லிமலை, 70 ஹேர்பின் வளைவு. நாலு பைக். அதுல ஒண்ணுக்கு முந்தின நாள் ராத்திரி ஹாஸ்டல் பார்க்கிங்லயே நாங்களே ஆயிலும் ஃபில்டரும் மாத்தினோம். மெக்கானிக்கல் மூணாவது வருஷம், இதுகூடத் தெரியாதான்னு ஒரு கெத்து. ஃபில்டர் வெளில வாங்கினது, கூடவே கவருக்குப் போட ஒரு ஓ-ரிங்கும் வந்துச்சு. போட்டோம், டைட் வெச்சோம், ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தோம், ஒழுகல. மறுநாள் மலை ஏறி முக்கால்வாசி தூரம் போன பிறகு பின்னாடி வந்தவன் ஹாரனை விடாம அடிக்கிறான். நிறுத்திப் பார்த்தா வண்டி ஓட்டினவனோட வலது ஷூ முழுக்க ஆயில், பின் டயரோட வலது ஓரம் பளபளன்னு மின்னுது. இன்னும் ரெண்டு வலது வளைவு போயிருந்தா அந்த ஓரத்துலதான் சாஞ்சிருப்பான். நல்லவேளை, விழல.

வண்டியை ஒரு குட்டியானையில ஏத்திக் காரவள்ளி அடிவாரத்துக்கு இறக்கி, நாமக்கல்ல ஒரு மெக்கானிக்கிட்ட கொண்டுபோனோம். அவர் கவரைக் கழட்டி ஓ-ரிங்கை ரெண்டு விரல்ல வெச்சுப் பார்த்துட்டுக் கேட்ட ஒரே கேள்வி: "பழசு எங்க தம்பி?" குப்பையில போட்டாச்சுண்ணே. பக்கத்துல வெச்சுப் பார்த்திருந்தா புதுசு தடிமன் கம்மின்னு கண்ணுக்கே தெரிஞ்சிருக்கும். எஞ்சின் ஆறியிருக்கும்போது அது தாங்கிடுச்சு. மலை ஏறி ஆயில் சூடாகி இளகினதும் தாங்கல.

அதுக்கு அப்புறம்தான் இந்தச் சின்ன டப்பாவுக்குள்ள என்னதான் இருக்குன்னு ஒழுங்கா உட்கார்ந்து படிச்சேன்.

உங்க ஹாஸ்டல் ஸ்ப்ளெண்டர்ல பேப்பர் ஃபில்டரே கிடையாது. கிராங்க்ல சுத்துற ஒரு கிண்ணம் அழுக்கை வெளிப்பக்கம் தள்ளி ஒட்ட வெச்சுக்கும், கீழ ஒரு வலை இருக்கும், அவ்வளவுதான். டூரிங் பைக்குன்னு வந்துட்டா ரெண்டு வகை. ஒண்ணு, எஞ்சின் கவருக்குள்ள வைக்கிற பேப்பர் எலிமென்ட், ஹிமாலயன் 411ல இருக்கற மாதிரி. இன்னொண்ணு, இன்டர்செப்டர் 650ல இருக்கற மாதிரி, டப்பாவோட சேர்த்து திருகி மாட்டுற ஸ்பின்-ஆன். முதல் வகையில வெளிச்சுவர் எஞ்சினோடது, நீங்க மாத்துறது உள்ளிருக்கற பேப்பரையும் ரப்பரையும். ரெண்டாவது வகையில டப்பா, மரை, ரப்பர், வால்வு எல்லாமே புதுசா வர்ற ஃபில்டரோடது. அதனால தப்பு நடக்கற இடமும் வேற வேற.

காருக்கும் பைக்குக்கும் ஒரு முக்கியமான வித்தியாசம் இருக்கு. கார்ல எஞ்சின் ஆயில் எஞ்சினை மட்டும் பார்த்துக்கும். நம்ம பைக்குகள்ல பெரும்பாலும் ஒரே ஆயில்தான் எஞ்சின், கிளட்ச், கியர்பாக்ஸ் மூணுக்கும். கிளட்ச் பிளேட்ல இருந்து உதிர்ற நார், கியர் பல்லுல இருந்து வர்ற இரும்புத் தூள், எரிஞ்ச கரி எல்லாம் ஒரே சின்ன ஃபில்டர்லதான் வந்து சேரணும். லக்கேஜ், பின்னாடி ஒரு ஆள், மலைப் பாதையில அரை கிளட்ச்... கணக்கு நீங்களே போட்டுக்கோங்க.

இப்ப வாங்கற விஷயத்துக்கு வருவோம். எல்லாரும் முதல்ல கேக்கறது "எத்தனை மைக்ரான்?" உண்மையில அந்த நம்பர் மட்டும் ஒண்ணும் சொல்லாது. 20 மைக்ரான் ஃபில்டர்னா 20 மைக்ரான் துகளை எத்தனை சதவீதம் பிடிக்கும்னு சேர்த்துச் சொல்லணும். பாதியைப் பிடிச்சாலும் "20 மைக்ரான்"னு பெட்டியில போடலாம், 99 சதவீதம் பிடிச்சாலும் போடலாம். இதை அளக்க ஐஎஸ்ஓ 4548-12ன்னு ஒரு டெஸ்ட் இருக்கு. இந்த மாதிரி டெஸ்ட்ல ஃபில்டருக்குள்ள போற துகள் எண்ணிக்கையை வெளியே வர்ற எண்ணிக்கையால வகுத்தா கிடைக்கறதுதான் பீட்டா. 1000 துகள் உள்ள போய் 500 வெளிய வந்தா பீட்டா 2, அதாவது 50 சதவீதம். 50 வெளிய வந்தா பீட்டா 20, 95 சதவீதம். 5 மட்டும் வந்தா பீட்டா 200, 99.5 சதவீதம். பீட்டா 20க்கும் 200க்கும் காகிதத்துல பத்து மடங்கு வித்தியாசம், சதவீதத்துல பார்த்தா நாலரைதான். விளம்பரத்துல எந்த நம்பர் வசதியோ அதைப் போடுவாங்க.

இன்னொரு விஷயம். உங்க எஞ்சின்ல இருக்கற ரெண்டு, மூணு லிட்டர் ஆயில் ஒரே தடவை ஃபில்டர் வழியா போயிட்டு நின்னுடறது இல்ல. ஓட்டும்போது நிமிஷத்துக்குப் பல தடவை சுத்தி வருது. பாதியை மட்டும் பிடிக்கற ஃபில்டர்கூட மூணு சுத்துல எட்டுல ஒரு பங்கைத்தான் விட்டுவைக்கும். அதனால, சதவீதப் போட்டியை நான் பெருசா மதிக்கறது இல்ல. ஒரு சுமாரான பேப்பர் உங்க எஞ்சினை ட்ரிப் நடுவுல நிறுத்தாது. வால்வும் ரப்பரும் மரையும் நிறுத்தும்.

வால்வுன்னா என்ன? ஃபில்டர் அடைச்சுக்கிட்டா ஆயிலே போகாம எஞ்சின் சீஸ் ஆகக்கூடாது இல்லையா? அதுக்குத்தான் பைபாஸ் வால்வு. பேப்பரோட ரெண்டு பக்கத்துக்கும் இருக்கற அழுத்த வித்தியாசம் ஒரு அளவைத் தாண்டினா வால்வு திறந்து, வடிகட்டாத ஆயிலை நேரா உள்ள விடும். அழுக்கு ஆயில் மோசம்தான், ஆயிலே இல்லாதது அதைவிட ரொம்ப மோசம். ஃபில்டர் புதுசா இருந்தாலும் இது திறக்கும். லே மாதிரி ஊர்ல விடியக்காலை உறையற குளிர்ல ஸ்டார்ட் பண்ணா ஆயில் தேன் மாதிரி கெட்டியா இருக்கும், பேப்பர் வழியா சீக்கிரம் போகாது. ஸ்டார்ட் பண்ணின உடனே ஆக்சிலரேட்டரை முறுக்காதீங்கன்னு பெரியவங்க சொல்றதுக்கு இதுவும் ஒரு காரணம்.

சிக்கல் எங்கன்னா, சில எஞ்சின்ல இந்த பைபாஸ் வால்வு எஞ்சின் பிளாக்குக்குள்ளயே இருக்கும், சிலதுல ஃபில்டருக்குள்ள இருக்கும். உங்க எஞ்சின் ஃபில்டர்ல இருக்கற வால்வை நம்பி டிசைன் பண்ணதுன்னு வைங்க. நீங்க அதே சைஸ், அதே மரை, ஆனா வால்வே இல்லாத டப்பாவை மாட்டினா ஒழுகாது, சத்தம் வராது, எல்லாம் நல்லாத்தான் இருக்கும். பேப்பர் அடைக்கற அன்னைக்கு ஒண்ணு பேப்பர் கிழியும், இல்லன்னா ஆயில் நிக்கும். "ஃபிட் ஆகும்"ங்கறதுக்கும் "வேலை செய்யும்"ங்கறதுக்கும் நடுவுல இருக்கற இடைவெளி இதுதான். வெளியே இருந்து பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. ஃபில்டர் தயாரிப்பாளரோட கேட்டலாக்ல உங்க மாடல், வருஷம் ரெண்டும் பேரோட இருக்கணும். கடைக்காரர் ரெண்டு டப்பாவைப் பக்கத்துல வெச்சு "பாருங்க தம்பி, ரெண்டும் ஒண்ணுதான்"னு சொன்னா சிரிச்சுட்டு வந்துடுங்க.

அதுக்காக, வேற கம்பெனிக்குச் செஞ்ச ஃபில்டர் எல்லாமே தப்புன்னு இல்ல. ஹைஃப்ளோவோட எச்எஃப் 204ன்னு ஒரே ஃபில்டர் ஹோண்டா, கவாசாகி, யமஹான்னு பல மாடல்களுக்குப் போகுது. கே அண்ட் என்லயும் அதுக்கு இணையானது அதே 204 நம்பர்லதான் வருது. அங்க கேட்டலாக்லயே மாடல் பேர் இருக்கு, யாரும் குத்துமதிப்பா சொல்றது இல்ல.

மரை விஷயம் எனக்குப் பிடிச்ச ஏரியா, கொஞ்சம் பொறுத்துக்கோங்க. ஸ்பின்-ஆன் ஃபில்டர்ல அடிக்கடி பார்க்கற ரெண்டு மரை எம்20 × 1.5, இன்னொண்ணு முக்கால் இஞ்ச் 16 மரை. முக்கால் இஞ்ச்னா 19.05 மி.மீ., இஞ்சுக்கு 16 மரைன்னா பிட்ச் 1.5875 மி.மீ. கிட்டத்தட்ட எம்20 மாதிரியே. எம்20 ஸ்டட்ல முக்கால் இஞ்ச் ஃபில்டர் ஏறாது, பிரச்சினை இல்ல. தலைகீழா செஞ்சா? எம்20 ஃபில்டரோட உள்மரை விட்டம் சுமார் 18.4 மி.மீ. அதை 19.05 ஸ்டட்ல மாட்டினா ஒவ்வொரு பக்கமும் கால் மி.மீ.க்குச் சற்று மேலதான் பிடிக்கும். சரியான ஜோடியா இருந்தா 0.8 மி.மீ. பிடிச்சிருக்கணும். கைக்கு நல்லா ஏறும், டைட் ஆன மாதிரியும் இருக்கும்.

இப்ப அழுத்தத்தைப் போட்டுப் பாருங்க. கேஸ்கெட் விட்டம் 60 மி.மீ., ஆயில் அழுத்தம் 5 பார்னு வெச்சுக்குவோம். ஃபில்டரை வெளியே தள்ளற விசை 1400 நியூட்டனைத் தொடும், அதாவது ஏறக்குறைய 140 கிலோ. நம்ம ரூம்மேட்ஸ் ரெண்டு பேர் அந்த டப்பாவுல தொங்கற மாதிரி. அரைகுறை மரை அதை எத்தனை கிலோமீட்டர் தாங்கும்?

அடுத்தது ஆன்டி டிரெய்ன்பேக் வால்வு. பேர்தான் பெருசு, உண்மையில ஒரு ரப்பர் வட்டம்தான். எஞ்சின் நின்னதும் ஃபில்டர்ல இருக்கற ஆயில் கீழ வடிஞ்சிடாம பிடிச்சு வைக்கும். ஃபில்டர் படுக்கையா மாட்டியிருக்கற வண்டிகள்ல இது ரொம்ப முக்கியம். இல்லன்னா ஒவ்வொரு காலையும் முதல் சில நொடி எஞ்சின் காய்ஞ்சு ஓடும், டக டகன்னு மேல சத்தம் கேக்கும். விலை குறைஞ்சதுல நைட்ரைல் ரப்பர் போடுவாங்க, அது சூட்டுல நாளடைவில் இறுகிடும். சிலிக்கோன் நல்லா வளைஞ்சு கொடுக்கும். ஏர் கூல்டு வண்டியில டிராஃபிக்ல ஆயில் 100 டிகிரியைத் தாண்டறது சாதாரணம், அதனால நான் சிலிக்கோனுக்குக் கொஞ்சம் கூட காசு கொடுப்பேன். ஆரஞ்சு கலர் ரப்பர் எல்லாம் சிலிக்கோன்னு மட்டும் நம்பிடாதீங்க, நைட்ரைலுக்கும் கலர் அடிக்கலாம்.

கழுவிக் கழுவிப் போடற ஸ்டீல் வலை ஃபில்டரைப் பத்தி நிறையப் பேர் கேக்கறாங்க. என் கருத்து, வேண்டாம். சுத்தமா கழுவ நல்ல சால்வென்ட் வேணும், கழுவினது போதுமான்னு தெரிஞ்சுக்க வழி இல்ல, லாட்ஜ் பாத்ரூம்ல டூத் பிரஷ் வெச்சு செய்யற வேலை இல்ல அது. காந்தம் வெச்ச டிரெய்ன் போல்ட் நல்லதுதான், ஆனா இரும்பை மட்டும்தான் பிடிக்கும். அலுமினியமும் கிளட்ச் நாரும் அதைக் கண்டுக்காம போயிடும்.

போலி ஃபில்டர் பிரச்சினை கம்பெனி ஃபில்டருக்கும் உண்டு, பிரபலமான பிராண்டைத்தானே காப்பி அடிப்பாங்க. பெட்டியில தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளர் முகவரி, மாசம் வருஷம், எம்ஆர்பி, புகார் சொல்ல ஒரு நம்பர் இருக்கணும், சட்டப்படி. அதுல ஒண்ணு இல்லன்னாலும் வைங்க கீழ. வாரண்டியில இருக்கற வண்டின்னா அந்தப் புத்தகத்தை முதல்ல படிச்சுட்டு அப்புறம் வெளி பிராண்டைப் பத்தி யோசிங்க.

மாட்டும்போது ஸ்பின்-ஆன்ல நடக்கற கிளாசிக் தப்பு, பழைய கேஸ்கெட் எஞ்சின்லயே ஒட்டிக்கிட்டு நின்னுடும், அது மேல புதுசை மாட்டிடுவோம். ரெண்டு ரப்பர் ஒண்ணு மேல ஒண்ணு. கொஞ்ச நேரம் தாங்கும், அப்புறம் மொத்தமா பிதுக்கி ஊத்தும். பழைய ஃபில்டர் கையில வந்ததும் ரப்பர் அதுல இருக்கான்னு பாருங்க. புது கேஸ்கெட்ல விரலால கொஞ்சம் ஆயில் தடவி, அது தொட்ட பிறகு டப்பாவுல போட்டிருக்கற அளவு மட்டும் கையால திருப்புங்க, பெரும்பாலும் முக்கால் சுத்து. சில பிராண்ட்ல தலையில 17 மி.மீ. நட் இருக்கும், அது கழட்ட. அதைப் பார்த்ததும் ஸ்பேனரை எடுத்து இறுக்கத் தோணும், தோணட்டும், செய்யாதீங்க. எலிமென்ட் வகையில எந்தப் பக்கம் வெளியே வரணும்னு பாருங்க. ஒரு பக்கம் மூடின எலிமென்டைத் திருப்பி வெச்சா ஆயில் வழியே அடைச்சுடும்.

ட்ரிப்புக்குக் கிளம்பற அன்னைக்கு முந்தின ராத்திரி மாத்தாதீங்க. ஒரு வாரம் முன்னாடி மாத்தி, ஒரு நூறு கிலோமீட்டராவது எஞ்சின் நல்லா சூடாகற மாதிரி ஓட்டிட்டு, அடியில ஒரு அட்டையைப் போட்டு ராத்திரி நிறுத்திப் பாருங்க. சென்னையில இருந்து லே போய்த் திரும்பினா ஆறாயிரம் கிலோமீட்டருக்கு மேல வரும், அதனால வழியில மாத்த வேண்டியிருக்குமான்னு மேனுவல்ல பார்த்துட்டு, உங்க மாடல் ஃபில்டர் ஒண்ணையும் ஓ-ரிங் ரெண்டையும் பையில போட்டுக்கோங்க. மணாலியில எல்லாம் கிடைக்கும்னு யாராவது சொல்லுவான், உங்க மாடலுக்கும் கிடைக்குமான்னு அவனைக் கேளுங்க.

பழைய ஃபில்டரைத் தூக்கிப் போடறதுக்கு முன்னாடி பேப்பரை வெட்டி எடுத்து, வைஸ்ல வெச்சு ஆயிலைப் பிழிஞ்சு, வெயில்ல விரிச்சுப் பாருங்க. ஸ்பின்-ஆன்னா ஹாக்சால அறுக்காதீங்க, அறுக்கற தூளே உள்ள விழுந்து குழப்பும், தகரம் வெட்டற கட்டர் போதும். கறுப்பா நார் இருந்தா கிளட்ச். முதல் சர்வீஸ்ல மாவு மாதிரி வெள்ளித் தூள் வந்தா பயப்பட ஒண்ணும் இல்ல. நகம் மாதிரி தகடு தகடா மின்னினா ட்ரிப்பைத் தள்ளிவெச்சுட்டு எஞ்சினைத் திறக்கச் சொல்லுங்க.

எங்க கொல்லிமலை பைக் இப்பவும் ஓடுது. அந்த ஒல்லி ஓ-ரிங்கை என் ஃபிரெண்டு சாவிக்கொத்துல மாட்டி வெச்சிருக்கான்.