மழைக்குப் பிறகு கார் லைற் எரியவில்லையா? முதலில் பிளக்கைப் பாருங்கள்



பென்டில் ஹில்லுக்கு வந்து நாம் வாங்கும் முதல் கார் அநேகமாகப் பழசுதான். இந்த மாநிலத்தில் 5 வருடத்துக்கு மேற்பட்ட காருக்கு வருடாவருடம் பிங்க் சிலிப் சோதனை உண்டு. ஒரு சிக்னல் லைற் எரியாவிட்டாலும் அதில் தவறிவிடும். றெஜோ புதுப்பிக்க ஏலாது, வேலைக்குப் போவதும் நின்றுவிடும்.

ஒரு மழையோடு என் காரின் பின் லைற்றும் நின்று போச்சு. ஒரு கராஜில் முழு லைற்றையும் மாற்றவேணும் என்றார்கள். கழட்டிப் பார்த்தால் லைற்றில் பழுதில்லை. வயர் பிளக்குக்குள் தண்ணீர் போய், செம்பு பச்சை பூத்திருந்தது.

இந்தப் பிளக்குகளில் இரண்டு பாதியும் சேருமிடத்தில் ஒரு றப்பர் வளையமும், ஒவ்வொரு வயரைச் சுற்றிச் சின்ன றப்பரும் இருக்கும். அவை காய்ந்தால் தண்ணீர் உள்ளே போகும்.

சோதிக்கும் முறை

1. முதலில் பல்ப், பியூஸ் இரண்டையும் பாருங்கள்.
2. மல்ரிமீற்றரை டிசி 20 வோல்ற்றில் வையுங்கள். லைற்றைப் போட்டபடி, பிளக்குக்குள் போகும் வயரின் பின்புறம் ஒரு முனையையும், அதே வயர் வெளியேறும் பக்கம் மற்ற முனையையும் வையுங்கள். 0.1 வோல்ற் அளவென்றால் நல்லது. 0.5 ஐத் தாண்டினால் உள்ளே அரிப்பு.
3. வயரின் தோலைக் குத்தவேண்டாம். அந்த ஓட்டையாலும் தண்ணீர் போகும்.

துப்புரவாக்கி மூடும் முறை

1. சாவியை எடுத்து, பற்றறியின் மைனஸ் வயரைக் கழட்டுங்கள்.
2. கொன்ராக்ற் கிளீனர் அடித்து நன்றாகக் காயவிடுங்கள்.
3. றப்பரில் சிலிக்கோன் கிரீஸ் மெல்லிசாகப் பூசுங்கள். வாசலினும் சாதாரண கிரீஸும் றப்பரை ஊதப்பண்ணும். வினாகிரி மணக்கும் சீலன்ற் செம்பை அரிக்கும்.
4. கிளிக் சத்தம் கேட்கும்வரை பூட்டுங்கள். றப்பர் வெடித்திருந்தால் கிரீஸ் உதவாது, மாற்றத்தான் வேணும்.

தொடவே வேண்டாம்

மஞ்சள் பிளக் ஏர்பாக்குக்கு உரியது. ஹைபிரிட் காரின் செம்மஞ்சள் வயர் உயிரை எடுக்கும்.

இன்னொன்று: உங்கள் காரை நீங்கள் திருத்தலாம். காசு வாங்கி மற்றவர் காரைத் திருத்த இங்கு லைசென்ஸ் வேணும். யாரும் கேட்டாலும் சம்மதிக்காதீர்கள்.

கராஜுக்குப் போனால், “பிளீஸ் செக் த கனெக்டர் ஃபர்ஸ்ட்” என்று சொல்லுங்கள். விலையை எழுத்தில் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை.